புதுப்பிப்பு: கித்தோவில் எதை முதலில் பார்ப்பது?

எக்குவடோரின் தலைநகரான கித்தோவில் பழைய நகரம், பிச்சிஞ்சா மலையின் ரோப்கார், நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னம் ஆகியவற்றை எந்த வரிசையில் பார்ப்பது நல்லது என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். இப்போது போய் வந்துவிட்டதால், அடுத்துச் செல்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன்.

பழைய நகரையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரே ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுசேர்க்கும் ரோப்காரில் வந்த அன்றே ஏறுவது உகந்ததன்று; உடல் பழகிய பிறகு, மேகம் திரள்வதற்கு முன்பான காலை வேளையில் செல்லுங்கள்.

யுனெஸ்கோ 1978-இல் அறிவித்த முதல் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றான பழைய நகரில், 1605-இல் தொடங்கி 160 ஆண்டுகள் கட்டப்பட்ட லா கொம்பாஞ்ஞியா தேவாலயத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். தங்கத் தகடு போர்த்திய மரச்செதுக்கு வேலைப்பாடு சுவர்களிலிருந்து கூரைவரை இடைவெளியின்றிப் படர்ந்திருக்கிறது. அதை அவசரமாகப் பார்த்துவிட்டு வெளியேறுவது பெரிய இழப்பு. எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றியது பசிலிக்கா தேவாலயம்தான்: ஐரோப்பியக் கோத்திக் பாணியில் எழுந்த அதன் வெளிச்சுவர்களில் வழக்கமான விசித்திர உருவங்களுக்குப் பதிலாக, உடும்பு போன்ற இகுவானாக்களும் ஆமைகளும் அந்நாட்டின் பிற விலங்குகளும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கோபுரத்துக்குச் செல்லும் ஏணிப்படிகள் மிகச் செங்குத்தானவை என்பதால் முதியவர்கள் கீழேயே நின்று ரசிக்கலாம்.

2023 டிசம்பரில் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட மெட்ரோவுக்குப் பழைய நகரின் சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்திலேயே நிலையம் உண்டு. நகருக்கு வடக்கே உள்ள நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னம், இன்றைய செயற்கைக்கோள் அளவீட்டின்படி உண்மையான கோட்டிலிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளியிருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடக்கூடியது அது ஒன்றுதான்.