அமியோடரோன் நுரையீரலைக் கெடுக்குமா? 200 மில்லிகிராம் பஞ்சாயத்து

ஈசூன்_மாமா: எங்க குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு புண்ணியவான் தட்டிவிட்டிருக்கார். "இதயத் துடிப்பு தாறுமாறா போனா கொடுக்கிற அமியோடரோனை ரொம்ப நாள் சாப்பிட்டா நுரையீரல் போயிடும், உஷார்"னு. வருஷக்கணக்கா தினமும் 200 மில்லிகிராம் போடுறேன். லிஃப்ட் ரிப்பேர்னா சந்தைப் பையோட படியேறுறேன். 200-ல ஒண்ணும் ஆகாது. பீதி கிளப்பாதீங்க.

மாத்திரை_டப்பா: மாமா, அது வதந்தி இல்லை. அமெரிக்காவில் இந்த மருந்தோட தாள்லயே கறுப்புக் கட்டம் போட்டு நுரையீரல் பாதிப்புன்னு எச்சரிக்கிறாங்க. 400-ம் அதுக்கு மேலயும் போனா ஆபத்து கூடுதல். ஆனா 200-லயும் வந்திருக்கு. என் மாமனாருக்கு 200 தான். வறட்டு இருமல், நடந்தா மூச்சு வாங்கும். முதல்ல போன இடத்துல சளின்னு இருமல் மருந்து கொடுத்து அனுப்பிட்டாங்க. ஸ்கேன் எடுத்த அப்புறம்தான் வண்டவாளம் தெரிஞ்சுது.

ஈசூன்_மாமா: மாமனாருக்கு சிகரெட் பழக்கம் உண்டா?

மாத்திரை_டப்பா: இல்லை.

ஈசூன்_மாமா: எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

கேலாங்_ராஜா: 2013 ஜூன்ல சிங்கப்பூர்ல காத்து மாசு அளவு, அதான் பிஎஸ்ஐ, 401 போச்சே, மறந்துட்டீங்களா? புகைமூட்டத்தை விட்டுட்டு மாத்திரை மேல பழி!

சும்மா_பார்க்கிறேன்: முதல்ல எந்த நோயைப் பேசுறோம்? மூச்சுக்குழாய் அடைப்பா, நுரையீரல் தழும்பா? ரெண்டும் வேற வேற.

ஈசூன்_மாமா: தம்பி, நடுவுல புகுந்து டியூஷன் எடுக்காதீங்க. கேள்வி 200 பத்தி.

மாத்திரை_டப்பா: சரி, 200-க்கே வர்றேன். இந்த மருந்து எடையில் மூணுல ஒரு பங்குக்கு மேல அயோடின். கொழுப்புல போய்த் தங்கும். நிறுத்தினாலும் மாசக்கணக்கா உடம்பை விட்டுப் போகாது. தினம் 200-னா உள்ளே சேர்ந்தது எவ்வளவு? அதனாலதான் ஆரம்பிக்கும்போதே நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் வருஷா வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை. நீங்க எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாளாச்சு?

ஈசூன்_மாமா: அது என் சொந்த விஷயம். வேப்பிலைச் சாறுல டெங்கி போயிடும்னு போன வருஷம் இங்கே எழுதினது நீங்கதானேம்மா? இப்ப அயோடின் பாடமா?

மாத்திரை_டப்பா: அது ராஜா!

கேலாங்_ராஜா: என்னை ஏன் இழுக்குறீங்க? நான் சொன்னது பப்பாளி இலை.

ஈசூன்_மாமா: பார்த்தீங்களா, இவங்க லட்சணத்தை. இதைப் படிச்சு ஒருத்தர் மாத்திரையை நிறுத்தி எம்ஆர்டி ரயில்ல மயங்கி விழுந்தா யார் பொறுப்பு?

மாத்திரை_டப்பா: நிறுத்துங்கன்னு நான் எங்கே எழுதினேன், காட்டுங்க. தானா நிறுத்தவே கூடாது. இருமல் வந்தா டாக்டர்கிட்ட இந்த மருந்துப் பேரைச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

ஈசூன்_மாமா: அப்போ வாட்ஸ்அப்பில் போட்டது யாரு?

மாத்திரை_டப்பா: உங்க குடும்ப குரூப்ல நான் எப்படி மாமா இருப்பேன்?

ஈசூன்_மாமா: பேச்சை மாத்தாதீங்க. 200-ல ஒண்ணும் ஆகாது. பேரனை டியூஷன்ல விட்டுட்டு வந்து மீதியைப் பேசிக்கிறேன்.

கேலாங்_ராஜா: பப்பாளி இலையில என்ன தப்புன்னு யாராவது சொல்லிட்டுப் போங்கப்பா.