கடை வேலையோடு குரூப் 4: இந்த வருஷ டைம்டேபிளாவது நிற்க என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரி
வணக்கங்க. வயசு 31. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் கவுண்டரில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி எட்டே முக்கால் ஆகிவிடும். பையன் இரண்டாம் வகுப்பு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை.

போன ஜனவரி 1 அன்று நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். காலை நாலு மணிக்கு எழ வேண்டும், தினமும் ஆறு மணி நேரம் படிப்பு, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் புத்தகமும் மார்ச்சுக்குள். ஒன்பது நாள் நடந்தது. அப்புறம் பொங்கல் வியாபாரம் சூடுபிடித்து, ராத்திரி பத்தரைக்குத்தான் விட்டார்கள். இரண்டு நாள் எழ முடியவில்லை. விட்ட பாடத்தை மறுநாள் பாடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளப் போய், பாக்கி ஏறிக்கொண்டே போனது. போகியன்று அந்தத் தாளைக் கிழித்துப் பழைய சாமானோடு போட்டுவிட்டேன். செல்லோடேப் ஒட்டியிருந்த தடம் இன்னும் கதவில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு சுருங்குகிறது.

உண்மையில் என் கையில் இருப்பது மதியம் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, ராத்திரி பையன் தூங்கியபின் முக்கால் மணி. இதற்குள் என்ன வைத்தால் நிற்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

மில்ஷிப்ட்
சகோதரி, நான் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்து, மூன்றாவது தடவையில் இளநிலை உதவியாளர் ஆனவன். முதலில் ஒன்று: "பாஸ் பண்ண வேண்டும்" என்று தாளில் எழுதாதீர்கள். எத்தனை காலியிடம், மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்துக் கட்-ஆஃப் ஏறும், இறங்கும். இன்றைக்கு எத்தனை பக்கம் என்பதை மட்டும் எழுதுங்கள்.

200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறாம் வகுப்புத் தமிழில் பருவத்துக்கு மூன்று இயல், மொத்தம் ஒன்பது. பொங்கல் முடிகிறவரை எதுவும் வைக்க வேண்டாம். ஜனவரி 20-க்கு மேல் வாரம் ஓர் இயல் என்றால் மார்ச் கடைசிக்குள் ஆறாம் வகுப்பு முடிந்துவிடும். மெதுவாகத்தான் தெரியும். இலக்கணம் அடுத்தடுத்த வகுப்புகளில் திரும்ப வருவதால் ஏழாவது இதைவிடச் சீக்கிரம் ஓடும்.

வாரத்துக்கு ஐந்து நாள்தான் கணக்கு. மீதி இரண்டு நாள், காய்ச்சலுக்கும் விருந்தாளிக்கும். விட்ட பாடத்தை மறுநாள் தலையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். நான் முதல் இரண்டு தடவை கெட்டதும் அதில்தான்.

கணக்கு டியூஷன்
தமிழ் மட்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு வருகிற திறனறிவுப் பகுதியில் 25 கேள்வி வரும், பாதிப் பேர் பயந்துபோய் விட்டுவிடுகிறார்கள். மதிய அரை மணியில், கடைச் சத்தத்தில், செய்யுள் மண்டையில் ஏறாது. கணக்கு ஏறும். சதவீதம், தனிவட்டி, மீச்சிறு பொது மடங்கு, வேலையும் நேரமும் என்று நாளுக்கு மூன்றே கணக்கு போடுங்கள்.

மேடம், நீங்கள் நிற்கிற இடமே பயிற்சிக்கூடம். 1,850 ரூபாய்ச் சேலைக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்றால், மெஷின் காட்டுவதற்கு முன் மனசுக்குள் போட்டுப் பாருங்கள். பத்து சதவீதம் 185. அதில் பாதி 92.50. கூட்டினால் 277.50. கழித்தால் 1,572.50. ஒரு நாளைக்கு இருபது பில்லுக்கு இப்படிப் பண்ணினால் சதவீதப் பாடத்துக்குத் தனியாக நேரமே வேண்டாம்.

கோபி அக்கா
கண்ணு, ராத்திரி முக்கால் மணி என்கிறாயே, பையனைத் தூங்க வைப்பது யாரு? பாத்திரம் தேய்ப்பது யாரு? எல்லாம் நீ என்றால் அந்த முக்கால் மணியும் தூக்கத்தில்தான் போகும். என் மகள் படித்தபோது மாப்பிள்ளையை உட்கார வைத்து, எந்தெந்த வேலை இனி அவருடையது என்று பேசி முடித்த பிறகுதான் புத்தகத்தையே எடுத்தாள். முதலில் வீட்டில் பேசு சாமி.

ஈரோட்டுக்காரி
மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, நேற்று ராத்திரியே பேசினேன். திங்கள் முதல் வெள்ளி வரை பையனைத் தூங்க வைப்பதும் பாத்திரமும் இனி அவர் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழாவது போய்விட்டதால் அதன் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் மூன்று பருவத்துக்கும் கிடைத்துவிட்டது.

மதியம் சொன்னபடி பில்லுக்குப் பில் மனசில் போட்டுப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு சரியாக வந்தது, 12 சதவீதம் வரும்போதுதான் தடுமாறுகிறேன்.

பழைய தடத்தின் மேலேயே உள்ளங்கை அளவு தாள் ஒட்டியிருக்கிறேன். "வாரம் ஓர் இயல். ஐந்து நாள். நாளுக்கு மூன்று கணக்கு." ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் உள்ள வாரங்களைக் காலண்டரில் இப்போதே கோடு போட்டு விட்டுவிட்டேன்.