பொருந்தாத புதிய பதிப்பு: நிலைத்த களஞ்சியத்தில் ஏற்றலாமா?

கேள்வி:
ரெட் ஹேட் வகை லினக்ஸுக்குக் கூடுதல் பொதிகள் தரும் ஈபெல் களஞ்சியத்தில் ஒரு சேவையகப் பொதியைப் பராமரித்து வருகிறேன். அதனுடன் வரும் நிரலகத்தை வேறு மூன்று பொதிகள் சார்ந்திருக்கின்றன. மூல நிரலாளர்கள் பழைய வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டார்கள். புதிய வரிசையிலோ நிரலகத்தின் எஸ்ஓநேம் எண்ணும் (சார்ந்த நிரல்கள் பொருந்தும் நிரலகத்தைத் தேட உதவும் அடையாளம்) அமைவுக் கோப்பின் வடிவமும் மாறியிருக்கின்றன. எதுவும் திடீரென மாறாது என்று நம்பித்தான் பயனர்கள் இக்களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதால், பதிப்பை உயர்த்தத் தயங்குகிறேன்.

மறுமொழி 1:
திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால், காரணத்தை மடற்குழுவில் எழுதி, குறைந்தது ஒரு வாரம் விவாதத்துக்கு விட்டு, வழிகாட்டுக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். சார்ந்த மூன்று பொதிகளையும் ஒரே சைடு டேக்கில் (மற்றவற்றோடு கலக்காத தனிக் கட்டுமான இடம்) மறுபடி கட்டி, ஒரே புதுப்பிப்பாக வெளியிடுங்கள்.

மறுமொழி 2:
நிரலகத்தைப் பற்றி நான் அதிகம் அஞ்சமாட்டேன். டெபியன் லினக்ஸில் எஸ்ஓநேம் எண் பொதியின் பெயரிலேயே இருப்பதால் லிப்எஸ்எஸ்எல் 1.1, லிப்எஸ்எஸ்எல் 3 ஆகிய இரு குறியாக்க நிரலகப் பதிப்புகளும் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும். எண் மாறாமல் உள்ளே மாறுவதுதான் தொல்லை. 32 பிட் நேர எண் 2038-இல் நிரம்பிவிடும் சிக்கலுக்காக 2024-இல் நேர மாறியை 64 பிட்டாக்கியபோது, 32 பிட் கணினிகளில் இடைமுகம் உடைந்தும் எஸ்ஓநேம் அப்படியே இருந்தது. அதனால் நூற்றுக்கணக்கான பொதிகளின் பெயரில் 'டி64' என்று ஒட்டவேண்டி வந்தது.

மறுமொழி 3:
எஸ்ஓநேம் பொருந்தாவிட்டால் பொதி நிறுவியான டிஎன்எஃப் நிறுவலையே மறுத்துவிடும். அமைவுக் கோப்புக்கு அப்படி ஒரு காவல் இல்லை. பொதியில் அதை நோரீப்ளேஸ் (மேலெழுதாதே) என்று குறித்திருந்தால், பயனர் திருத்திய கோப்பைப் பொதி மேலாளரான ஆர்பிஎம் தொடாமல், புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். புதிய நிரல் பழைய வடிவக் கோப்பைப் படித்து, எழாமல் விழும்; தானியங்கிப் புதுப்பிப்பு இரவில் ஓடும் கணினியில் அது விடிந்த பிறகே தெரியவரும். (மடற்குழு அறிவிப்பைப் படிக்கும் நிர்வாகிகள் எத்தனை பேர் என்பது வேறு கதை.) ஆகவே புதிய வரிசையை வேறு பெயரில் தனிப் பொதியாகத் தாருங்கள்.

கேட்டவர்:
தனிப்பெயர் தந்தால், மாறாதவர்கள் ஓட்டையுள்ள பதிப்பிலேயே தங்கிவிடுவார்களே? பழைய வடிவத்தையும் ஏற்று எச்சரிக்கை மட்டும் தரும் ஒட்டு (பேட்ச்) ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். அது வேலை செய்தால் பதிப்பை உயர்த்தும் கோரிக்கையை அதனோடு சேர்த்தே அனுப்புவேன், இல்லையென்றால் தனிப்பெயர்தான்.