பாட்டில் கேட்ட மருந்தைக் கடையில் வந்து கேட்டார்கள்

புதூரிலிருந்து

மதுரை புதூர் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். பி.பார்ம் முடித்துக் கடையில் நிற்க ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது. ராக், ராப் பாட்டுகளில் வரும் போதைப் பேச்சோடு அவரவருக்கு நேர்ந்ததை எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்குப் பாட்டு அவ்வளவாகத் தெரியாது, மருந்துதான் தெரியும். போன வருஷம் இரண்டும் சேர்ந்து என் கடை வாசலுக்கு வந்தன.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். ராத்திரி ஒன்பதரை இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே வண்டியில் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். பதினேழு, பதினெட்டு வயது. ஒருத்தன் கழுத்தில் இயர்போன் தொங்குகிறது, இன்னொருத்தன் கையில் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய எலுமிச்சைக் குளிர்பானம், பெரிய பாட்டில்.

“அண்ணே, கோடீன் போட்ட சிரப் இருக்காண்ணே?”

வறட்டு இருமலுக்கு மருந்து கேட்கிற யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். “தொண்டை கரகரங்குது, ஏதாச்சும் குடுங்க” என்பார்கள். மிஞ்சிப்போனால் பழைய பாட்டிலைக் கொண்டுவந்து காட்டுவார்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் டாக்டராக இருக்க வேண்டும், அல்லது வேறு ஏதோ விஷயம் இருக்க வேண்டும்.

“யாருக்குப்பா இருமல்?”

“அம்மாவுக்குண்ணே.”

“சீட்டு கொண்டாந்தியா?”

ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இயர்போன் பையன் மெதுவாக, “ப்ரோமெதசின் சேர்ந்ததா இருந்தா நல்லாருக்கும்ணே” என்றான்.

ப்ரோமெதசின் ஒவ்வாமைக்கும் வாந்திக்கும் கொடுக்கிற மருந்து, நன்றாகத் தூக்கம் வரும். அம்மாவின் இருமலுக்குப் பையன் அதைச் சேர்த்துக் கேட்கிறான் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இல்லை என்று அனுப்பிவிட்டேன். உண்மையிலேயே என்னிடம் இல்லை. கோடீன் அட்டவணை எச்1-ல் வருகிற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை பாட்டில் என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தத் தொந்தரவோடு இந்த மாதிரிக் கேட்டு வருகிறவர்களும் சேரவே, வாங்கி வைப்பதையே நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். பிளஸ் டூ படிக்கும் மகள் இட்லியைப் பிட்டபடியே, “அப்பா, அது லீன்” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்போனை எடுத்து அவள்தான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ராப் பாட்டுக்காரர்களிடமிருந்து பரவிய பழக்கமாம். இருமல் சிரப்பைக் குளிர்பானத்தில் கலந்து குடிப்பது. நிறத்தை வைத்துப் ‘பர்ப்பிள்’, குடிப்பதை வைத்து ‘ட்ராங்க்’, அப்புறம் ‘சிரப்’, ‘லீன்’ என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு பெயர். ஃப்யூச்சர் என்ற பாடகரின் 2015 ஆல்பத்துக்குப் பெயர் ‘டிஎஸ்2’. அந்த ‘டிஎஸ்’ எழுத்துகளே ‘டர்ட்டி ஸ்ப்ரைட்’ என்ற அந்தக் கலவையின் பெயர்தான் என்றாள். எனக்குத் தட்டில் கை ஓடவில்லை. எனக்குத் தெரியாத மொழியில் என் கடைச் சரக்கைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், அது என் வீட்டு ஹாலிலேயே ஒலித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. தாளம் நன்றாக இருக்கிறதே என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை தூங்காமல் படித்தேன். அந்தக் கலவைக்காகவே மெதுவாக ஓடவிட்ட இசை என்று பலர் சொல்லும் பாணியை உருவாக்கிய டிஜே ஸ்க்ரூ 2000-ம் ஆண்டு நவம்பரில் இறந்தார், வயது 29. உடலில் கோடீன் இருந்தது. அதே வருஷம் வந்த த்ரீ சிக்ஸ் மாஃபியா என்ற ராப் குழுவின் சிரப்பைப் பற்றிய பாடலில் தானும் ஒரு பகுதி பாடியவர் பிம்ப் சி. 2007 டிசம்பரில் அவரும் போனார், வயது 33. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் அவருக்கு ஏற்கெனவே இருந்தது, அதோடு இந்தச் சிரப்பும் சேர்ந்தது என்று பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள். அமெரிக்காவில் இந்தச் சிரப்பைத் தயாரித்த ஆக்டாவிஸ் நிறுவனம், மருந்துக்கு இப்படி ஒரு மவுசு ஏறிவிட்டதைப் பார்த்து 2014-ல் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது.

சரி, இதையெல்லாம் சொல்லி அந்தப் பையனைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். இயர்போன் பையன் அடுத்த தெருதான். அவன் அப்பத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை என் கடையில்தான் வாங்குவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, ஜூஸ் வேர்ல்டு என்று ராப் பாடுகிற ஒரு பையன் இருந்தானே, தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்ணே. 2019 டிசம்பர் எட்டு. பொறந்தநாள் முடிஞ்சு ஆறாவது நாள். 21 வயசு.”

நான் பேச வைத்திருந்ததை அவனே சொல்லிமுடித்துவிட்டான். சிகாகோ விமான நிலையத்தில் வலிப்பு வந்தது, ஆக்சிகோடோன் என்ற வலி மருந்தும் கோடீனும் அளவுமீறியதுதான் காரணம், எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கும்போதே உங்கள் பாட்டைக் கேட்டுத்தான் லீன் குடித்தேன் என்று ஜூஸ் வேர்ல்டு ஃப்யூச்சரிடமே சொன்னதும், அதைக் கேட்டு ஃப்யூச்சர் ஆடிப்போனதும்கூட அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் என் கடைக்கு வந்திருக்கிறான். பாடியவன் செத்தான் என்று சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு இருந்த நம்பிக்கை அந்த இடத்தில் போயிற்று. அவர்களுக்கு அந்தச் சாவும் பாட்டோடு சேர்ந்த கதைதான்.

அவனுக்குத் தெரியாதது வேறு. கோடீன் வயிற்றுக்குள் போனபிறகு என்ன ஆகிறது என்று கேட்டேன், முழித்தான். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். கல்லீரல் கோடீனில் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது. எவ்வளவு மாற்றும் என்பது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும். சிலருக்கு மாற்றமே நடக்காது, சிலருக்கு மளமளவென்று நடக்கும். மார்ஃபின் மூளையில் மூச்சு விடச் சொல்கிற இடத்தை மந்தமாக்கும். ப்ரோமெதசின் தூக்கத்தைக் கூட்டும். ஒரே பாட்டிலை இரண்டு பேர் பாதிப்பாதி குடித்தால் ஒருத்தன் குறட்டை விட்டுத் தூங்குவான், இன்னொருத்தனுக்குக் குறட்டை நின்றுபோகும். பக்கத்தில் படுத்திருக்கிறவன், தூங்குகிறான் என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.

“இதுல நான் எந்த வகைண்ணே?”

“எனக்கெப்படிப்பா தெரியும்? உனக்கும் தெரியாது.”

அந்தப் பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

பாட்டைக் கேட்காதே என்று என் மகளிடமோ அவனிடமோ நான் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது. அந்தப் பாட்டுகளில் பெயராக மட்டும் வந்துபோகிற மருந்து உடம்புக்குள் என்ன செய்யும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் வேண்டும். மெடிக்கல் கடைக்காரர்கள் நாங்கள் சொல்லலாம், யாரும் கேட்பதில்லை என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து

புதூர்த் தம்பி எழுதியதைப் படித்ததும் பழைய நினைப்பு வந்துவிட்டது. 1980-களில் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். கல்லூரிப் பையன்கள் காகிதத்தில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்போம். ஒரு பையன் பட்டியலில் முதல் பாட்டாக எரிக் கிளாப்டன் பாடிய ‘கோகெய்ன்’ இருக்கும். அவன் அக்கா கல்யாண வரவேற்புக்கு அதே கேசட்டைத்தான் போட்டார்கள். தாய்மாமன் மேடையேறிப் பணம் வைத்துக்கொண்டிருக்கிறார், பின்னால் அந்தக் கிதார் முழங்குகிறது. மண்டபத்தில் ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

அதை எழுதியவர் ஜே.ஜே.கேல், 1976-ல். அடுத்த வருஷம் கிளாப்டன் பாடிப் பெரிய வெற்றி. அது போதைக்கு எதிரான பாட்டு என்று கிளாப்டன் சொல்லிவந்தார், கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவரே போதையிலிருந்து மீண்டபிறகு மேடையில் அதைப் பாடுவதைச் சில காலம் நிறுத்தினார். திரும்பப் பாடியபோது, அந்தப் பொருளை அழுக்கு என்று திட்டும் ஒரு வார்த்தையைக் கோரஸில் சேர்த்துக்கொண்டார். 1998-ல் ஆன்டிகுவா தீவில் போதை மீட்பு மையமே தொடங்கினார். இந்தக் கதை எனக்குத் தெரிந்தபோது அந்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பாட்டிலும் போதையைத் தேடுவதும் தப்பு. குழந்தைகள் பாடும் ‘பஃப் த மேஜிக் டிராகன்’, 1963-ல் வந்தது. கஞ்சாவைப் பற்றியது என்று ஊரெல்லாம் வதந்தி. குழந்தைப் பருவம் போய்விடுவதைப் பற்றித்தான் எழுதினோம் என்று அதை எழுதியவர்கள் கடைசிவரை சொன்னார்கள். நான் அவர்களைத்தான் நம்புகிறேன், அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

திருமங்கலத்திலிருந்து

இந்தப் பகிர்வுகளைப் படித்துவிட்டு நேற்று எங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். அப்பா தவறியதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலாம், ராத்திரிக்கு ஒன்று. பத்து நாள் முன்பு என் மகன், “அம்மாச்சி போடுறதுதான் சானாக்ஸாம்மா?” என்று கேட்டான். சானாக்ஸ் என்பது அதே மருந்தின் இன்னொரு கம்பெனிப் பெயர். பள்ளியில் ஏதோ படித்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

எண்ணிப் பார்த்தால் அட்டையில் இரண்டு குழி கூடுதலாகக் காலி.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சத்தம் போடவில்லை, என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஜாமென்ட்ரி பாக்ஸை எடுத்து வந்தான். பாகைமானிக்குக் கீழே டிஷ்யூ பேப்பரில் சுற்றி இரண்டு மாத்திரையும் இருந்தன. போடவில்லையாம். “சும்மா வச்சிருந்தேம்மா, எல்லாப் பாட்லயும் வருது, நம்ம வீட்லயே இருக்கேன்னு...” என்றான். பதினாறு வயது. அப்புறம் அவனே அழுதான். அந்த மாத்திரையை நான் என்ன செய்ய?

புதூரிலிருந்து, மறுபடியும்

அக்கா, கேட்டதற்கு மட்டும் முதலில் சொல்கிறேன். வெளியே எடுத்த மாத்திரையைத் திரும்ப அட்டையில் சொருகாதீர்கள். நாளைக்கே உங்கள் மெடிக்கலில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். அட்டை பீரோவுக்குள் போகட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும், ராத்திரி அம்மாவுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பயந்துபோய் அம்மாவுக்கு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ரொம்ப நாளாகப் போடுகிறவர்களுக்கு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அல்பிரசோலாம் தனியாக ஆளை அசத்தும். சாராயத்தோடோ கோடீன் மாதிரி மருந்தோடோ சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். 2017-ல் இறந்த ராப் பாடகர் லில் பீப் உடலில் அல்பிரசோலாமும் ஃபென்டனில் என்ற கடுமையான வலி மருந்தும் சேர்ந்தே இருந்தன, அவருக்கும் வயது 21. யாராவது எதையாவது போட்டுவிட்டு எழுப்பினாலும் எழும்பாமல் கிடந்தால், தூங்கட்டும் என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-க்குப் போன் போட வேண்டும். பழக்கமாகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் 14446, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. உங்கள் மகன் கேட்டதும் எடுத்துவந்து கொடுத்திருக்கிறான். அவனை வையாதீர்கள்.

அந்த இயர்போன் பையன் இப்போதும் மாதாமாதம் வருகிறான். போன வாரம் அப்பத்தா சீட்டை நீட்டிக்கொண்டே, “அண்ணே, பெர்கோசெட்டுனா உள்ள என்னண்ணே?” என்றான். 2017-ல் வந்த ஃப்யூச்சர் பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற பெயர், மகள் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஆக்சிகோடோனும் பாராசிட்டமாலும் என்றேன்.

“பாராசிட்டமாலா? நம்ம காய்ச்ச மாத்திரையா?”

“அதேதான். அளவு மீறினா கல்லீரலை அதுவே தனியா முடிச்சிரும். பாட்டுல அதைச் சொல்ல மாட்டாங்க.”

கொஞ்ச நேரம் ரேக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அப்பத்தா மாத்திரையை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பினான்.