மூன்று குண்டு மோதல்: ஆற்றல் சரி, விடை தப்பு

கேள்வி: ஒட்டி நிற்கும் இரண்டு எஃகு குண்டுகள்மேல் அதே எடையுள்ள இன்னொன்று 1 மீ/வி வேகத்தில் மோதுகிறது. மீட்சியளிப்பு குணகம் (மோதலுக்குப் பின் விலகும் வேகம் ÷ முன் நெருங்கிய வேகம்) 1. நான் எழுதிய நிரலில் மோதலுக்குப் பின் வேகங்கள் −1/3, 2/3, 2/3 என வருகின்றன. உந்தம், ஆற்றல் இரண்டும் சரி. எங்கே பிழை?

பதில் 1: பிழை நிரலில் இல்லை, விதியில். இரண்டு தொடுபுள்ளிக்கும் நியூட்டனின் மீட்சி விதியை ஒரேயடியாகப் போட்டிருக்கீங்க. இரண்டாவதில் மோதலுக்கு முன் சார்புவேகம் 0, அதனால் பின்பும் 0. ரெண்டும் ஒட்டியே ஓடும். நெருங்கும் ஜோடி தீரும்வரை ஒவ்வொன்றாக எடுங்க: 0, 0, 1 வரும்.

பதில் 2: நேர்வரிசைக்கு அது போதும். பில்லியர்ட்ஸ் பிரேக்கில் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) எந்த ஜோடி முதலில் என்பதை வைத்தே விடை மாறும், சமச்சீரும் போச்சு. அங்கே ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்தான், அதாவது தொடுபுள்ளியை அமுங்கும் ஸ்பிரிங்காகக் கொள்வது: விசை, அமுக்கத்தின் 1.5 அடுக்கு. காலப்படி (நிரல் ஒருமுறை முன்னேறும் நேரம்) தொடுநேரத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்க; பெரிதானால் ஆற்றல் தானாக ஏறும்.

கேட்டவர்: ஸ்பிரிங் வைத்தால் முதல் குண்டு லேசாகப் பின்வாங்குதே?

பதில் 2: வாங்கணும். நிஜ நியூட்டன் தொட்டிலிலும் (வரிசையாகத் தொங்கும் குண்டுகள் மோதும் கருவி) அப்படித்தான்.