மரபுப் பகுதியில் பழைய விளக்குக் கம்பங்களை அகற்றுகிறார்கள்: தடுக்க வழி உண்டா?

கேள்வி (கோடிவீட்டுக்காரர்):
லண்டனில், மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஒரு தெருவில் குடியிருக்கிறேன். எங்கள் கவுன்சில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பணியாளர்கள் ஏணியைச் சாய்த்துக்கொள்வதற்கான குறுக்குக் கையோடு கூடிய பழைய வார்ப்பிரும்புக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, துத்தநாகம் பூசிய மொட்டை எஃகுக் கம்பங்களை நட்டு வருகிறது. மஞ்சள் ஒளி போய், இப்போது திரைச்சீலை இடுக்கு வழியே வெள்ளை வெளிச்சம் கட்டில் வரை விழுகிறது. புகார் செய்தால், கம்பங்கள் துருப்பிடித்துவிட்டன, மின்சாரமும் மிச்சமாகும் என்கிறார்கள். இத்தகைய பகுதியின் தன்மையைப் பேணத் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று பட்டியலிட்ட கட்டடங்கள், மரபுப் பகுதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறதே. அதைக் காட்டித் தடுக்க முடியாதா?

பதில் (சட்டப்பிரிவு):
அந்தப் பிரிவை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது திட்டமிடல் சட்டங்களின்கீழ் கவுன்சில் எடுக்கும் முடிவுகளுக்கே பொருந்தும். தெருவிளக்குகளோ 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 97ஆம் பிரிவின்கீழ் அமைக்கப்படுபவை. கவுன்சில் தானே நடும் விளக்குக் கம்பத்துக்குப் பொதுவாகத் தனித் திட்ட அனுமதியும் தேவையில்லை. கம்பம் பாதுகாக்கப்பட்ட கட்டுமானங்களின் பட்டியலில் இருந்தால் கதையே வேறு. அதை அகற்ற ஒப்புதல் பெற்றே தீர வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரின் எரிவாயு விளக்குகளில் பல அப்படிப் பட்டியலிடப்பட்டவை. உங்கள் கம்பங்கள் அதில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் பகுதிக்கான மதிப்பீட்டு ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். தெருவிளக்குகளைப் பகுதியின் அடையாளம் என்று கவுன்சிலே அதில் எழுதியிருந்தால், உங்கள் கையில் அதைவிட வலுவான ஆயுதம் கிடையாது.

பதில் (மின்பணியாளர்):
துரு என்று சொன்னால் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பொதுவாக 20 வேலைநாள்களுக்குள் பதில் தர வேண்டும். உண்மையிலேயே அடிப்பகுதி அரித்துப்போன கம்பத்தை நிற்கவிடச் சொல்வது நியாயமாகாது. ஆனால் நல்ல கம்பத்தின் பழைய கூண்டுக்குள்ளேயே எல்.இ.டி. பொருத்தலாம், மின்சிக்கனத்துக்காகக் கம்பத்தையே சாய்க்க வேண்டியதில்லை. நட்டுவிட்ட எஃகுக் கம்பத்துக்கும் பழைய வடிவில் உறை போட முடியும். வெளிச்சம்தான் எளிதில் தீரக்கூடியது: 4000 கெல்வின் விளக்கு என்றால் (கெல்வின் ஒளி நிறத்தின் அளவு; எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும்) 2700 கெல்வினுக்கு மாற்றவும், வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு வைக்கவும், நள்ளிரவுக்குப்பின் ஒளியைக் குறைக்கவும் கேளுங்கள்.

பதில் (இரவுப்பணி):
நானும் இதே போன்ற தெருவில்தான் இருக்கிறேன். பணி முடிந்து பின்னிரவில் நடந்து வரும் எனக்கு, கால் வைக்கும் இடம் தெரிகிற புதிய விளக்கில் குறையொன்றும் தெரியவில்லை. கம்பத்தின் அழகுக்காகப் பழைய மங்கல் வெளிச்சத்தையும் திரும்பக் கேட்டீர்கள் என்றால், அண்டை வீட்டார் பலர் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கோடிவீட்டுக்காரர்:
மிக்க நன்றி. அப்படியானால் கம்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனியாகவே எழுதுகிறேன். தெருவின் மறுகோடியில் பழைய கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. சோதனை அறிக்கை வரும்வரை அவற்றில் கை வைக்க வேண்டாம் என்று எங்கள் வட்டாரக் கவுன்சிலர் வழியாக இன்றே கேட்கிறேன்.

பதில் (சட்டப்பிரிவு):
மரபுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். விளக்குப் பிரிவினர் பல இடங்களில் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.