4 ஜிபி றாம் காணாது: பழைய ஐ3 டெஸ்க்டொப்புக்கு எதை வாங்கிறது?

கொக்குவிலான்:
வணக்கம். வீட்டில இருக்கிறது இன்ரெல் ஐ3-4130, எச்81 மதர்போட், ஒரேயொரு 4 ஜிபி டிடிஆர்3 றாம், விண்டோஸ் 10 64 பிட். மகளின்ர ஏ.எல். சூம் வகுப்பு ஓடேக்க குரோமில நாலைஞ்சு பக்கம் திறந்தால் இறுகிப்போய் நிக்குது. ரெண்டாவது ஸ்லொட் வெறுமை. ரவுணுக்குள்ள விசாரிச்சதில 8 ஜிபி றாம் ஒண்டு அரைவிலைக்குக் கிடக்கு, ஆனால் ஸ்ரிக்கரில 'ஏஎம்டி' எண்டிருக்கு. அதைப் போடலாமோ? பழசைக் கழட்ட வேணுமோ?

பருத்தித்துறை பிசி:
அந்த அரைவிலை றாமை வாங்காதேங்கோ அண்ணை. அதில இருக்கிறது எக்ஸ்4 வகைச் சிப். பழைய ஏஎம்டி போட்டுகள் அதை வாசிக்கும், இன்ரெல் டெஸ்க்டொப் வாசிக்காது. பின் எண்ணிக்கை அதே 240, வெட்டும் அதே இடம், அதால ஸ்லொட்டில வடிவாய் இருக்கும். ஆனால் திரையில ஒண்டும் வராது. நல்ல 8 ஜிபி ஸ்ரிக்கரில '2ஆர்எக்ஸ்8' எண்டிருக்கும், அதைப் பாருங்கோ.

அடுத்தது, ஸ்ரிக்கரில 'பிசி3-12800யூ' (12800 எண்டால் 1600 வேகம்) எண்டதில கடைசி எழுத்து 'யூ'வாய் இருக்க வேணும். 'ஆர்' எண்டால் சேர்வரில கழட்டினது, உங்கட போட்டில ஓடாது. 'எல்' சேர்ந்து பிசி3எல் எண்டிருந்தால் பயமில்லை. அது 1.35 வோல்ற் றாம், வழமையான 1.5 வோல்ற்றிலயும் ஓடும். 1866 வேகம் எண்டு கூடக் காசு குடுக்காதேங்கோ, உங்கட ஐ3 1600க்கு மேல ஓட்டாது.

பழசைக் கழட்டத் தேவையில்லை. எச்81இல ரெண்டு ஸ்லொட்டும் வேற வேற சனல், அதாவது றாமுக்குத் தரவு போய்வாற தனித்தனிப் பாதை. 4ஓட 8 போட்டால் மொத்தம் 12. அதில 8 ஜிபி டுவல் சனலில (ரெண்டு பாதையும் ஒண்டாய்) ஓடும், மிச்ச 4 தனிச் சனலில. உங்கட பாவனைக்கு அது தாராளம். இன்னொரு 4 போட்டு 8 ஆக்கினாலும் சமாளிக்கலாம், ஆனால் ஏ.எல். முடியுமட்டும் பாவிக்கிறதெண்டால் 8ஐயே வாங்குங்கோ.

நாவற்குழி:
காசு குடுக்க முதல் ஒருக்கா வகுப்பு ஓடேக்க டாஸ்க் மனேஜரைத் திறவுங்கோ. மெமரி 85, 90 வீதத்தில நிண்டால் றாம்தான் பிரச்சினை. மெமரி பாதியில நிக்க டிஸ்க் மட்டும் 100 வீதமெண்டால் றாம் போட்டும் பெரிசாய் ஒண்டும் மாறாது, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாய் வேகமான எஸ்எஸ்டிதான் தேவை.

பூட்டேக்க சுவர் சுவிச்சை நிப்பாட்டி, வயரையும் கழட்டிப்போட்டு, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ. மின் மிச்சம் இறங்கிப்போகும். கேசின்ர இரும்பைத் தொட்டிட்டு றாமை ஓரத்தில பிடியுங்கோ, தங்க நிறப் பல்லில விரல் படவேண்டாம். வெட்டை ஸ்லொட்டின்ர மேட்டோட பொருத்தி, ரெண்டு அந்தத்தையும் 'டக்' எண்டு கொளுவி விழும்வரை நேராய் அமத்துங்கோ. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் திரை வராது, கன இடத்தில பிழைக்கிறது இதிலதான்.

எங்கட பக்கத்து உப்புக்காத்துக்குப் பழைய றாமின்ர பல் கறுத்திருக்கும். வெள்ளை அழிறப்பரால மெல்லமாய்த் தேய்ச்சு, தூளைப் பிறஷால தட்டிப்போட்டுப் பூட்டுங்கோ. ஈரத்துணி வேண்டாம்.

கொக்குவிலான்:
நன்றி. மெமரி 93 வீதத்தில நிக்குது. பூட்டினாப் பிறகு தொடர்ந்து பீப் சத்தம் வந்தால்?

பருத்தித்துறை பிசி:
ஒவ்வொரு றாமாய்த் தனியப் போட்டுப் பாருங்கோ. புதுசு எந்த ஸ்லொட்டிலயும் ஏறாட்டில் மாத்திக் கேளுங்கோ, அதுக்காக வாங்கேக்கயே பில்லில வரண்டியை எழுதுவியுங்கோ. தனித்தனிய ஓடி, சேர்த்தால் மட்டும் பீப் எண்டால், வயரைக் கழட்டிப்போட்டு போட்டில இருக்கிற சிஆர்2032 பற்றறியை அஞ்சு நிமிசம் எடுத்திட்டுத் திருப்பிப் போடுங்கோ. திகதி, நேரம் அழியும், பயோசில (போட்டின்ர அமைப்புப் பக்கம்) திரும்பச் சரிபண்ணலாம்.

விண்டோஸ் 12 ஜிபி எண்டு காட்டியும் பாவிக்கக்கூடியது குறைவெண்டால் விண்டோசின்ர எம்எஸ்கொன்ஃபிக் எண்ட அமைப்புக் கருவியில பூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய் 'மக்சிமம் மெமரி'யில சரி விழுந்திருக்கோ பாருங்கோ, இருந்தால் எடுத்துவிடுங்கோ. எல்லாம் சரிவந்தாலும் அண்டிரவு றாமைச் சோதிக்கிற மெம்ரெஸ்ற்86 புரோகிராமை யுஎஸ்பியில போட்டு ஓடவிடுங்கோ. ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த றாமை வைச்சிருக்காதேங்கோ.